நிறுத்தும் உரிமை யாருக்கு?

அன்புள்ள வாசகருக்கு,

பெயரும் கம்பெனியும் வெளியே வரக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள், வராது. ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலை, அதில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அந்தச் சாலையில் போகும் கம்பெனி பஸ் ஒவ்வொன்றிலும் அப்படி நாலு பேராவது இருப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் வைஸ் பிரசிடென்ட் வந்த கதையை ரசித்துப் படித்தேன். மஞ்சள் கோடுகளுக்குப் புதுப் பெயின்ட், வாடகைக்கு எடுத்த பூந்தொட்டிகள், கேன்டீன் பின்பக்கம் போய்ப் பதுங்கிய ஸ்கிராப் தொட்டிகள். எண்ணெய் கசியும் பிரஸ்ஸை மறைத்து, பாதுகாப்பைப் பற்றி ஒரு ஃபிளெக்ஸ். ‘அவரா கேட்டா மட்டும் பேசு, ஒரு வரிக்கு மேல போகாதே’ என்று உங்கள் மேனேஜர் சொன்னதும், வந்தவர் அந்த ஃபிளெக்ஸ் முன்னாலேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டதும், சில நாளில் அதே பிரஸ்ஸில் அடித்த பாகங்கள் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்ததும். நானும் ஆலைப் பராமரிப்பில் காலம் தள்ளியவன். ஓடாத மெஷினை ஓடுவதாகக் காட்ட, பாகமே வைக்காமல் வெறுமனே தட்டவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இதில் எதுவும் எனக்கு அதிர்ச்சியாக இல்லை.

நீங்கள் கடைசியில் கேட்ட கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. ‘வெளிநாட்டில் எம்.டி.யையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், முகத்துக்கு நேராகப் பேசுகிறார்கள். நம் ஆட்கள் மட்டும் ஏன் சார், சார் என்று வளைகிறார்கள்? நம் கலாசாரத்திலேயே கோளாறா?’

கோபம் நியாயமானது. ஆனால் காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரியவர் முன்னால் வாய் அடைத்துப்போவது நம் ஊர் நோய் என்றால், டெனரீஃப்பில் 583 பேர் செத்திருக்க மாட்டார்கள்.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் சின்ன விமான நிலையம். வேறொரு நிலையத்தில் குண்டு வெடித்ததால் திருப்பிவிடப்பட்ட பெரிய விமானங்கள் அங்கே நெருக்கியடித்து நிற்கின்றன. மூடுபனி. டச்சு நிறுவனமான கே.எல்.எம்.மின் 747 ஓடுபாதை முனையில் புறப்படத் தயாராக நிற்கிறது. அதே ஓடுபாதையில் எதிரே, பனிக்குள், அமெரிக்க நிறுவனமான பான் ஆமின் இன்னொரு 747 ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. டச்சு விமானத்தின் கேப்டன் சாதாரண ஆள் இல்லை. 747 ஓட்டுவதற்கு மற்ற விமானிகளைப் பழக்குகிறவர். நிறுவனத்தின் விளம்பரத்தில் அவர் முகம்தான் சிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானிக்கு அந்த விமானத்தை ஓட்டத் தகுதி உண்டு என்று சான்று கொடுத்தவரும் அவரே.

கேப்டன் புறப்படுவதற்காக விசையைத் தள்ளுகிறார். இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி சொல்கிறார். தெரியும், கேள் என்கிறார் கேப்டன். துணை விமானி கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுகிறார். புறப்பட்ட பிறகு எந்த வழியில் போவது என்ற விவரம் வருகிறது. புறப்படலாம் என்ற அனுமதி அதில் இல்லை. அவர் பேசி முடிப்பதற்குள்ளேயே கேப்டன் பிரேக்கை விடுவிக்கிறார். இந்த முறை துணை விமானி அவரைத் தடுக்கவில்லை. சற்று முன்புதான் குருவைத் திருத்தியிருக்கிறார். உடனே இன்னொரு முறை எப்படித் திருத்துவது? விமானம் வேகமெடுத்துவிட்டது. அந்த பான் ஆம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று பின்னால் இருந்த ஃபிளைட் இன்ஜினியர் கேட்கிறார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொல்கிறார். அவரும் அடங்கிவிடுகிறார். விமான வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பேரைக் கொன்ற விபத்து கிடையாது.

நீங்கள் பொறாமையோடு பார்க்கிற, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நாட்டு ஆட்கள்தான் இவர்கள். மேலதிகாரிக்கு வளைந்து கொடுக்காதவர்கள் என்று பெயரெடுத்த டச்சுக்காரர்கள்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி, அமெரிக்காவில் போர்ட்லாந்து நகருக்கு மேலே யுனைடெட் நிறுவனத்தின் ஒரு விமானம் சக்கரக் கோளாறைச் சரிபார்த்தபடி ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமடித்தது. எரிபொருள் குறைவது ஃபிளைட் இன்ஜினியருக்குத் தெரியும். சொல்லவும் செய்தார், பட்டும் படாமலும். சக்கரத்திலேயே கண்ணாக இருந்த கேப்டன் காதில் அது ஏறவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் ஊருக்குள் விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். இதற்குப் பிறகுதான் விமானத் துறை விழித்துக்கொண்டது. 1979இல் நாசா ஒரு பயிலரங்கு கூட்டியது. 1981இல் யுனைடெட்டே, கேப்டனுக்குக் கேட்கவும் துணை விமானிக்குச் சொல்லவும் கற்றுத்தரும் பயிற்சியை முழு வடிவில் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க விமானிகளுக்கு அது கட்டாயப் பாடம். அவர்கள் விமானிகளின் குணத்தைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பேசுவதையும் என்ஜின் இயக்குவதைப் போல ஒரு தொழில்நுட்பமாக எடுத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தார்கள்.

ஆனாலும் பயிற்சி மட்டும் போதாது. அதைச் சொல்ல சேலஞ்சருக்குப் போக வேண்டும்.

அந்த விண்வெளி ஓடம் வெடித்ததை எல்லோரும் அறிவோம். வெடிப்பதற்கு முந்தின இரவு, 1986 ஜனவரி 27, நடந்த தொலைபேசிக் கூட்டத்தைத்தான் வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன். யூட்டா மாநிலத்தில், ஓடத்தின் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் இன்ஜினியர்கள். மறுமுனையில் நாசா அதிகாரிகள். ராக்கெட்டின் பாகங்களை இணைக்கிற மூட்டுகளில் ரப்பர் வளையங்கள் உண்டு. குளிரில் அவை இறுகிப்போய், சூடான வாயுவை விட்டுவிடும் என்பது இன்ஜினியர்களின் பயம். முந்தைய பயணம் ஒன்றில் வளையத்தைத் தாண்டிக் கரி படிந்திருந்த போட்டோக்கள் அவர்கள் கையில் இருந்தன. 53 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று எழுதியே கொடுத்தார்கள். ஃபுளோரிடாவில் அன்றிரவு தண்ணீர் உறையும் குளிர்.

நாசா தரப்பு எரிச்சலடைந்தது. தியோகால் ஆட்கள் ஐந்து நிமிடம் அவகாசம் கேட்டு லைனைத் துண்டித்தார்கள். அது அரை மணி நேரமாக நீண்டது. ரோஜர் பாய்ஸ்ஜாலி, ஆர்னி தாம்ப்ஸன் என்ற இரண்டு இன்ஜினியர்கள் எழுந்துபோய், மேலதிகாரிகளின் மேஜையில் போட்டோக்களையும் படங்களையும் பரப்பி மறுபடி விளக்கினார்கள். யாரும் கேட்கிற நிலையில் இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பொறியியல் பிரிவின் தலைவராக இருந்த பாப் லண்டிடம், இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் பெரிய அதிகாரி ஜெர்ரி மேசன். நான்கு அதிகாரிகள் கூடி முடிவெடுத்தார்கள். மீண்டும் லைனில் வந்து, ஏவலாம் என்றார்கள். யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று நாசா பக்கமிருந்து கேட்டார்கள். கம்பியில் மௌனம். மறுநாள் காலை, கிளம்பிய 73ஆவது விநாடியில் ஏழு பேரோடு ஓடம் சிதறியது.

அந்த அறையில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். சார் கிடையாது, ஐயா கிடையாது. ஜெர்ரி, பாப், ரோஜர். இதைவிட முகத்துக்கு நேராகப் பேச முடியாது என்கிற அளவுக்கு இரண்டு இன்ஜினியர்கள் பேசியும் விட்டார்கள். பிறகும் ஏன் நடந்தது?

பாய்ஸ்ஜாலி விசாரணைக் குழுவிடம் சொன்னதில் விடை இருக்கிறது. வழக்கமான கூட்டங்களில், ஏவுவது பாதுகாப்பானது என்று இன்ஜினியர்கள்தான் நிரூபித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஏவ விடமாட்டார்கள். அன்றிரவு அது தலைகீழானது. ஏவுவது ஆபத்து என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபியுங்கள் என்றார்கள். அவர்களால் முடியவில்லை. யாராலும் முடியாது, நடக்காத விபத்துக்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது? பேசுவதற்கு அவர்களுக்கு வாய் இருந்தது. நிறுத்துவதற்கு உரிமை இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் சொல்வதற்கு இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான்: மேலதிகாரி முன்னால் நாம் எப்படி நிற்கிறோம், எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதெல்லாம் அடுத்தது. சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்தும் உரிமை கீழே இருப்பவர் கையில் எழுத்தில் இருக்கிறதா, நிரூபிக்கும் சுமை யார் தலையில் இருக்கிறது? இந்த இரண்டையும் பார்த்தால் ஒரு கம்பெனியின் கதை தெரிந்துவிடும்.

விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், ஓடம் அழிந்துபோகும் வாய்ப்பு எவ்வளவு என்று பலரும் போட்டிருந்த கணக்குகளைப் பார்த்தார். மெஷினோடு பழகும் இன்ஜினியர்கள் நூற்றில் ஒன்று என்கிற அளவில் சொன்னார்கள். நிர்வாகம் லட்சத்தில் ஒன்று என்றது. ஒரே ஓடம், ஒரே கட்டடம். படியேறிப் போவதற்குள் ஆபத்து ஆயிரம் மடங்கு சுருங்கிவிட்டது. இதற்கு யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சூப்பர்வைசர் ‘கசிகிறது’ என்பார். அவருக்கு மேலே ‘கவனித்துக்கொண்டிருக்கிறோம்’ ஆகும். அதற்கு மேலே ‘திட்டத்தில் இருக்கிறது’. வைஸ் பிரசிடென்டின் ஸ்லைடில் பச்சைப் புள்ளி. ஒவ்வொருவரும் கொஞ்சமாகத்தான் துடைத்திருப்பார்கள். உங்கள் ஃபிளெக்ஸ் கட்டினவரைவிட இந்தப் பச்சைப் புள்ளிக்காரர் ஆபத்தானவர் என்பது என் அபிப்பிராயம். ஃபிளெக்ஸை அவிழ்த்தால் பிரஸ் தெரியும்.

கலாசாரம் என்றீர்களே, ஜப்பானைப் பாருங்கள். மூத்தவர் முன்னால் எத்தனை டிகிரி குனிவது என்பதற்குக்கூட முறை வைத்திருக்கிற சமூகம். அங்கேதான், லைனில் போல்ட் முடுக்குகிற தொழிலாளி தலைக்கு மேலே ஓடும் கயிற்றை இழுக்கலாம், சரியாகாவிட்டால் மொத்த லைனும் நிற்கும் என்ற ஏற்பாடு டொயோட்டாவில் வந்தது. ஆண்டான் என்ற பெயரை உங்கள் பயிற்சி வகுப்பில் கேட்டிருப்பீர்கள். அதன் வேர் நெசவில் இருக்கிறது. கோவை, ஈரோட்டுக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். கார் கம்பெனி 1937இல் வருவதற்கு முன்பே, அதைத் தொடங்கிய குடும்பத்தின் சகிச்சி டொயோடா நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் தறியைச் செய்தார். கெட்ட துணி நெய்துகொண்டே போவதைவிடத் தறி நிற்பது லாபம் என்ற கணக்கு. அந்தக் கணக்கைப் பிற்பாடு மனிதர்களுக்கும் நீட்டினார்கள். குனிந்து வணக்கம் சொல்வதும் கயிற்றை இழுப்பதும் ஒரே ஆள்தான், ஒன்றுக்கொன்று முட்டவில்லை.

இன்னும் ருசிகரமானது கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் கதை. அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். பாகம் விட்டுப்போன கார் அப்படியே போகும். கடைசியில் வெளியே நிறுத்திப் பிரித்துச் சரிசெய்வார்கள். வேலைக்கு வராதவர்கள் ஒரு பக்கம், குடித்துவிட்டு வருகிறவர்கள் இன்னொரு பக்கம் என்று பெயர் கெட்டு 1982இல் மூடினார்கள். 1984இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து அதே இடத்தைத் திறந்தபோது, வேலைக்கு எடுத்ததில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள், அதே தொழிற்சங்கம். தலைக்கு மேலே கயிறு வந்தது. இழுத்தால் ஓடி வருகிற குழுத்தலைவர் திட்டாமல், என்ன பிரச்சினை என்று கேட்பார் என்ற பழக்கமும் கூடவே வந்தது. சில ஆண்டுகளுக்குள் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகளுக்கு அந்த ஆலையை முன்னுதாரணமாகக் காட்டினார்கள். அந்த ஆட்களுக்கு முதுகெலும்பு திடீரென்று முளைத்துவிடவில்லை.

உரிமை தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. எழுதவே கஷ்டமாக இருக்கிறது. 2010 மே 22, துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். குன்றின் மேல் மேஜை போல அமைந்த ஓடுபாதை. பயணத்தில் நெடுநேரம் கேப்டன் தூங்கியிருக்கிறார். குரல் பதிவுக் கருவியில் குறட்டைச் சத்தம் இருந்தது. இறங்கும்போது விமானம் இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில், அதிக வேகத்தில் இருந்தது. இறங்க வேண்டாம், மேலே ஏறிச் சுற்றி வரலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். கருவிகளும் எச்சரித்தன. கேப்டன் இறக்கினார். 8,033 அடி ஓடுபாதையில் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தொட்டது. 166 பேரில் எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

துணை விமானி பேசவில்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. விசாரணை அறிக்கை ஓர் இடத்தில் கை வைத்துக் காட்டுகிறது. கேப்டன் கேட்காவிட்டால் துணை விமானியே விமானத்தை மேலே தூக்கலாமா என்பதில் பல உத்தரவுகள் பலவிதமாக, குழப்பமாக இருந்தன. அதனால்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னாரே தவிர, கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை போலும் என்று அறிக்கை ஊகிக்கிறது. யாரோ ஓர் அலுவலகத்தில் தெளிவில்லாமல் எழுதி வைத்த சுற்றறிக்கையும் அந்த விமானத்தில் பயணம் செய்திருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, தெளிவாக எழுதியதால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2001இல் பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற டாக்டர், பெரிய ரத்தக் குழாயில் டியூப் செருகுவதற்கு ஐந்து படிகள் கொண்ட ஒரு துண்டுக் காகிதம் தயார் செய்தார். கை கழுவு, தோலைச் சுத்தம் செய் என்கிற மாதிரி, எந்த டாக்டருக்கும் தெரிந்தவை. ஒரு மாதம் நர்ஸுகளை விட்டுக் கவனித்ததில், மூன்றில் ஒரு நோயாளிக்கு மேல் ஏதாவது ஒரு படி விட்டுப்போயிருந்தது. அடுத்து அவர் செய்ததுதான் விஷயம். படியைத் தாண்டுகிற டாக்டரை நிறுத்தும் அதிகாரத்தை நிர்வாகத்திடம் பேசி நர்ஸுகளுக்கு வாங்கிக் கொடுத்தார். டாக்டர் கோபித்துக்கொண்டால் நிர்வாகம் நர்ஸ் பக்கம். டியூப் செருகிய பத்து நாளில் அதன் வழியாகத் தொற்றுவது அதற்கு முன் 11 சதவீதமாக இருந்தது. அடுத்த ஓராண்டில் பூஜ்யத்துக்கு வந்தது. அந்த நர்ஸுகள் அதற்கு முன்னாலும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தார்கள்.

நம் மரபு வளையத்தான் சொல்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். வள்ளுவரிடம் ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. ஆபீஸில் பிழைக்கத் தெரிய வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. ரொம்பவும் ஒட்டாதே, ரொம்பவும் விலகாதே, பெரியவர் இருக்கும் சபையில் அடுத்தவர் காதைக் கடிக்காதே, அவருடைய ரகசியத்தை ஒட்டுக் கேட்காதே. எந்த எச்.ஆர். கையேட்டையும்விடக் கறார். அதே வள்ளுவர்தான் அமைச்சைப் பற்றிப் பேசும்போது, அரசன் தானும் அறியாமல், அறிந்தவர் சொல்லையும் தள்ளுகிறவனாக இருந்தாலும், நல்லதை எடுத்துச் சொல்வது பக்கத்தில் இருப்பவன் கடன் என்கிறார். காது கசக்கும் சொல்லைப் பொறுக்கிற அரசனைப் பாராட்டுகிறார். இடித்துச் சொல்ல ஆளில்லாதவன் எதிரியே இல்லாமல் கெடுவான் என்கிறார். நம் மேடைகளில் முதல் வகையை ஊழியர்களுக்கு ஓதுகிற அளவுக்கு இரண்டாவது வகையை முதலாளிகளுக்கு ஓதுவதில்லை. அது வள்ளுவர் குற்றமா?

தைரியமாகப் பேசுங்கள் என்று நான் உங்களுக்கு எழுத மாட்டேன். சம்பளமும் இ.எம்.ஐ.யும் உங்களுடையவை. சேலஞ்சருக்குப் பிறகு உண்மையைச் சொன்ன பாய்ஸ்ஜாலியைச் சொந்த கம்பெனி ஆட்களே ஒதுக்கினார்கள். கடைசியில் வேலையை விட்டுப் போனார். ஏவலாம் என்ற தாளில் கையெழுத்துப் போட மறுத்த ஆலன் மெக்டொனால்டை இடம் மாற்றினார்கள். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பிறகுதான் நிலைமை மாறியது. பிறகு ராக்கெட் மூட்டைத் திருத்தி வடிவமைக்கும் பொறுப்பும் அவருக்கு வந்தது. நம் நாட்டில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் இன்ஜினியர் சத்யேந்திர துபே, சாலைப் பணி முறைகேடுகளைப் பற்றி 2002இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். என் பெயர் ரகசியமாக இருக்கட்டும் என்றும் கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு மேஜை மேஜையாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காக நடந்த கொலை என்றது சி.பி.ஐ.; மூவர் தண்டிக்கப்பட்டார்கள். பெயரைக் காக்கத் தவறியவர்கள் யார் என்ற கேள்வி அந்தத் தீர்ப்போடு தீர்ந்துவிடாது. புகார் கொடுப்பவரின் பெயரைக் காக்க மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் வழியாக ஓர் ஏற்பாடு 2004இல் வந்தது. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள் உள்ளுக்குள் புகார் வழி வைத்திருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. இவை இருக்கின்றன என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் படியாக இவற்றில் கால் வைக்காதீர்கள்.

உங்களுக்கு அதைவிடப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. கார் கம்பெனிகளுக்கு நேராகச் சப்ளை செய்கிறீர்கள் என்றால் உங்கள் ரிசப்ஷன் சுவரில் ஐ.ஏ.டி.எஃப். 16949 சான்றிதழ் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும். அந்தத் தரநிலையின் 5.3.2 பிரிவை ஒரு முறை எடுத்துப் படியுங்கள். பொருளின் தரத்துக்குப் பொறுப்பானவர்களுக்குத் தரப் பிரச்சினையைச் சரிசெய்ய உற்பத்தியை நிறுத்தவும் டிஸ்பாட்சை நிறுத்தவும் அதிகாரம் இருப்பதை உயர் நிர்வாகம் உறுதி செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. எல்லா ஷிஃப்டிலும் அப்படி ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆடிட்டர் வரும்போது இதற்கு யார் பெயரைக் காட்டுகிறார்கள்? நைட் ஷிஃப்டில் யார்? பெரும்பாலும் ஒரு ஃபைலில் ஏதோ ஒரு பதவியின் பெயர் இருக்கும். அந்தப் பதவியில் இருப்பவருக்கே அது தெரிந்திருக்காது. உங்கள் பதவியாகவே இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அதை மேனேஜரிடம் எடுத்துக்கொண்டு போவதற்குத் தைரியம் வேண்டாம். ‘ஆடிட்ல கேட்டா யார் பேரைச் சொல்லணும் சார்? கன்ட்ரோல் பிளான்ல போட்டுடலாமா?’ என்று கேட்டால் போதும். ஆடிட் என்றதும் அவர் காது நிமிரும். அந்த பிரஸ்ஸின் பாகத்துக்கு எந்த அளவு தாண்டினால் ஹோல்ட் டேக் போடுவது, யார் போடுவது, யார் மட்டும் எடுக்கலாம் என்ற மூன்றும் எழுத்தில் வந்துவிட்டால், அடுத்த முறை நிரூபிக்கிற வேலை உங்களுடையது இல்லை. டேக்கை எடுக்கச் சொல்கிறவர் கையெழுத்துப் போட்டு எடுக்கட்டும். கையெழுத்து என்றதும் நம் ஆட்கள் எவ்வளவு யோசிப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, நீங்கள் மேனேஜருக்கு எழுதியதாக நகல் வைத்திருந்த அந்த மெயில். ‘சார், ஒரு சின்ன டவுட்’ என்று ஆரம்பித்து, பிரஸ்ஸில் லேசாகக் கசிவு இருப்பது போலத் தெரிகிறது, முடிந்தால் பார்க்கலாமா என்று முடித்திருக்கிறீர்கள். போர்ட்லாந்து ஃபிளைட் இன்ஜினியர் பேசியது இந்தத் தொனிதான். டெனரீஃப்பில் பின்சீட்டிலிருந்து வந்த கேள்வியும் இதே தொனி. பணிவு குறையாமலேயே வேறு மாதிரி எழுதலாம். எத்தனை பாகம், எந்த அளவு, எத்தனை மணிக்கு அளந்தது, இப்படியே ஓடினால் என்ன ஆகும், எப்போதுக்குள் என்ன முடிவு வேண்டும். சார் என்று தொடங்கி நன்றி சார் என்று முடியுங்கள், எந்தக் கெடுதலும் இல்லை. நடுவில் ஓர் எண் இருக்கட்டும், ஒரு கெடு இருக்கட்டும்.

அந்த வைஸ் பிரசிடென்ட் மேல் எனக்கு உங்கள் அளவுக்குக் கோபமில்லை. அவருக்கும் மேலே யாரோ உட்கார்ந்திருக்கிறார். தியோகால் அதிகாரிகளுக்கு மேலே வாடிக்கையாளரான நாசா உட்கார்ந்திருந்த மாதிரி. டெனரீஃப் கேப்டனும் கொடுமைக்காரர் இல்லை. அன்று பணிநேர வரம்பு தாண்டினால் சட்டச் சிக்கல் என்ற அவசரத்தில் இருந்தவர். ஆனால் ஓர் ஆலைக்குள் வருகிற பெரியவர், பெயின்ட் வாசனை அடித்தால் எது புதிதாக அடிக்கப்பட்டது என்று கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டாமா? பதவி உயர உயரச் செய்தி தானாக வந்து சேராது, போய் எடுத்துவர வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் அந்தச் சம்பளம்.

கடைசியாக, அடுத்த மாதம் நடக்கப்போகும் டவுன்ஹால் கூட்டத்தில் எழுந்து நின்று பிரஸ் விவகாரத்தைக் கேட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முந்நூறு பேர் முன்னால் மைக்கில் கேட்டால், வந்தவருக்குப் பதில் சொல்வதைவிட மானத்தைக் காப்பாற்றுவது பெரிய வேலையாகிவிடும்; உங்கள் மேனேஜருக்கு உங்களைத் தவிர வேறு எதிரி இருக்க மாட்டார். கூட்டத்துக்கு முந்தின வாரமே அந்தக் கன்ட்ரோல் பிளான் திருத்தத்தை மார்னிங் மீட்டிங்கில் வைத்து, பிளான்ட் ஹெட்டிடம் தேதி போட்ட கையெழுத்து வாங்கப் பாருங்கள். அவர் மறுத்தால் என்ன காரணம் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் காரணத்தைப் பொறுத்துத்தான் அடுத்த யோசனை சொல்ல முடியும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்